பவளத்துக்கு ஆட்சேபணை இல்லை

ஒளிச் சிக்கன வாரியத்தின் ஆறு மாடிக் கட்டடத்தில் பட்டப்பகலிலும் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருக்கும். ஜன்னல்கள் இல்லாமல் இல்லை. ஆள் உயர ஜன்னல்கள். ஆனால் வெயில் உள்ளே வந்தால் விளக்குகளை ஒழுங்காக அளக்க முடியாது என்று அவற்றுக்குக் கறுப்புத் திரை மாட்டியிருந்தார்கள். அந்தத் திரைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஊரில் யார் வீட்டில் எந்த விளக்கு வீணாக எரிகிறது என்று அதிகாரிகள் கவலைப்பட்டார்கள். கவலைப்படுவதற்கென்றே மாடிக்கு ஒரு குழு இருந்தது.

அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்டை ஓட்டியவருக்கு நேர்ந்ததுதான் இது. லிஃப்ட்காரர் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்கள் என்பதே அதிகம். உள்ளே வருவார்கள், மாடியின் எண்ணைச் சொல்வார்கள், கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பிடரிகள்தான். வாரியத் தலைவரின் பிடரியில் மூன்று மடிப்பு உண்டு. கோபமாக இருக்கும் நாளில் அது நான்காகிவிடும். லிஃப்ட்காரர் அந்த மடிப்புகளுக்கும் மரியாதை கொடுத்தவர். மேலே இருப்பவர்கள் ஒரு விதி போட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் நம் மண்டைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும், அநேகமாக ஆறாவது மாடியில் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

அப்படித்தான் ஒரு விதி வந்தது. வீட்டுக்குள் நாள் முழுக்க எரிகிற எந்த விளக்கும் வாரியத்திடம் திறன் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். லிஃப்ட்காரரின் வீட்டில் அப்படி ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அது அவர் மனைவி வளர்த்த பவளத் தொட்டியின் விளக்கு. அந்த அம்மாள் அலங்கார மீன் கடையில் வேலை பார்த்தவள். கடலிலிருந்து வரும் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது அவள் பொறுப்பு. வழியில் அடிபட்டு உடைந்துபோன பவளத் துண்டுகளைக் குப்பையில் போடச் சொல்வார் கடைக்காரர். இவளுக்கு மனசு வராது. ஜாம் பாட்டிலில் உப்புத் தண்ணீர் ஊற்றி, நகத்தளவு துண்டுகளை அதில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். கல்லில் பசை வைத்து ஒட்டி, தொட்டிக்குள் இறக்கி, மேலே நீல எல்.இ.டி. விளக்கைப் போட்டுவிடுவாள்.

பவளம் என்றால் நகைக்கடைச் சமாச்சாரம் என்று நினைத்திருந்த மனிதருக்கு, அது உயிருள்ள பிராணி, அதன் உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, வெளிச்சத்தை வைத்து அந்தப் பாசி சமைத்துப் போடுவதைத்தான் அது சாப்பிடுகிறது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

"நம்ம குடும்பம் மாதிரின்னு வச்சுக்கோங்களேன்," என்பாள். "நான் சமைக்கிறேன், நீங்க உக்காந்த இடத்துல சாப்பிடுறீங்க."

தொட்டியின் நடுவில் ஒரு மூளைப்பவளம் இருந்தது. வந்தபோது பொத்தான் அளவு; பிறகு ஒரு பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போல ஆனது. நீல வெளிச்சத்தில் அதன் மடிப்புகள் பச்சையும் ஆரஞ்சுமாகத் தணல் போல ஒளிரும். பக்கத்தில் எதை வைத்தாலும் இருட்டியதும் நூல் நூலாகக் கையை நீட்டித் தேள் போலக் கொட்டிவிடும். தண்ணீர் கொஞ்சம் சரியில்லை என்றால் சுருங்கி உட்கார்ந்துகொள்ளும். அதனால் அவள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள். "இன்னைக்கு மாமியார் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காங்க. நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், சாயங்காலம் அவர் போனதும் முதல் கேள்வி அதுதான்: "மாமியார் வாயைத் திறந்தாங்களா?" திறந்தாங்க என்பார். கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள். ஒரு நாள் அவர் போனபோது கேள்வி கேட்க ஆள் இல்லை.

அதன் பிறகு லிஃப்ட்காரர் அவள் செய்ததையெல்லாம் அப்படியே செய்தார். ஏன் எதற்கு என்று தெரியாது. உப்புக் கரைத்தார், குறைந்த தண்ணீரை நிரப்பினார், கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டினார், காலையில் விளக்கைப் போட்டார், இருட்டியதும் அணைத்தார். பவளங்களும் ஆள் மாறியதைக் காட்டிக்கொள்ளாமல் வளர்ந்தன. அவள் போய்விட்ட வீட்டில் அவள் தொடங்கி வைத்த வேலை மட்டும் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

பரிசோதகர் வந்தது ஒரு விடுமுறை நாளில். வாசலிலேயே நின்று மூக்கைச் சுருக்கினார்.

"என்னய்யா இது, வீடா நாடகக் கொட்டகையா? ஜன்னல் பூரா நீலமா இருக்கு."

"பவளத் தொட்டிங்க சார்."

"இந்த விளக்கோட பயனாளி யாரு?"

"பவளம்ங்க."

"மனுஷங்க யாரும் இல்லையா?"

"நான் இருக்கேன் சார். ஆனா விளக்கு எனக்கில்ல."

பரிசோதகர் தன் உள்ளங்கையை விளக்கின் கீழே நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கைரேகையே எனக்குத் தெரியல. இவ்வளவு கரண்டைக் குடிச்சிட்டு இவ்வளவு மங்கலா எரியுதே, வெக்கமா இல்ல இதுக்கு?"

"நம்ம கண்ணுக்குத்தான் சார் மங்கல். அதுங்களுக்கு நீலந்தான் சாப்பாடுன்னு என் வீட்டுக்காரி சொல்லுவா."

"வாரியத்தைப் பொறுத்தவரைக்கும் வெளிச்சம்னா மனுஷன் கண்ணுக்குத் தெரியுறதுதான். மத்த கண்ணையெல்லாம் நாங்க கணக்குல எடுத்துக்கிறதில்ல," என்றார் பரிசோதகர். சொல்லிவிட்டு, கூட வந்த ஆளிடம், வாரியத்தில் மதிப்பிடுவதற்காக விளக்கைக் கழற்றி எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு, விளக்கு மாட்டியிருந்த ப்ளக் துளையின் மேல் முத்திரை குத்திய ஒரு காகிதத்தைப் பசை தடவி ஒட்டினார்.

"மதிப்பீடு முடியுற வரைக்கும் இந்தத் தொட்டி மேல வேற எந்த விளக்கும் எரியக் கூடாது. எரிஞ்சா ஒப்பீடு கெட்டுடும். பம்பு ஓடலாம். பம்பு எங்க துறை இல்ல."

"எப்ப சார் முடியும்?"

"வாரியம் நாளைப் பார்த்து வேலை செய்யாது, பெரியவரே. தரத்தைப் பார்த்துத்தான் செய்யும்."

வெளியூரில் ஒரு துணி ஆலையில் மேற்பார்வை வேலையில் இருந்த மகளிடம் அவர் போனில் விஷயத்தைச் சொன்னார். அவள் அம்மாவைப் போல. யோசிப்பதற்கு முன்பே பேசிவிடுவாள்.

"அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற லைட்டை மாட்டுங்கப்பா. யாரு வந்து பாக்கப் போறா?"

"சீல் வச்சிருக்காங்கம்மா."

"பசை போட்டு ஒட்டின காகிதம்பா அது."

"வாரியத்துக் காகிதம்மா. நான் அங்கதானே வேலை பாக்கிறேன்? நாளைக்கு அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

அவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை என்பதை மகள் சொல்ல வாயெடுத்தாள்; சொல்லாமல் மென்று விழுங்கிவிட்டாள்.

நேரில் போய்க் கேட்டால் சீக்கிரம் முடித்துத் தருவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாரியத்துக்குப் போனார். விடுப்பில் இருந்ததால் அவர் அன்று ஊழியர் இல்லை, மனுதாரர். மனுதாரர்களுக்கு லிஃப்ட் கிடையாது. மாற்று ஆளாக முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் சங்கடத்தோடு கதவைச் சாத்திக்கொண்டார். லிஃப்ட்காரர் முதன்முறையாக அந்தக் கட்டடத்தின் படிகளைப் பார்த்தார். மூச்சு வாங்க மூன்றாவது மாடிக்கு ஏறினார். அது பிராணிகள் பிரிவு.

"நடக்குமா?" என்றார் பிரிவு அதிகாரி.

"இல்லைங்க. வச்ச இடத்துலயே இருக்கும்."

"சத்தம் போடுமா?"

"போடாதுங்க."

"நடக்காது, சத்தம் போடாதுன்னா அது எங்க ஆளு இல்ல. மேல போங்க."

நாலாவது மாடி தாவரப் பிரிவு. அங்கே ஒரு அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "வேர் இருக்கா?"

"இல்லைங்கம்மா. உள்ள பாசி இருக்குங்க. வாயும் இருக்குங்க."

"வாய் இருக்கிறது எப்படித் தாவரமாகும்? வாய் இருந்தும் பேசாம இருக்கிறதுன்னா அது ஊழியர் பிரிவு. அங்க கேட்டுப் பாருங்க."

ஐந்தாவது மாடியில் கனிமப் பிரிவு. வருஷக்கணக்காக யாரும் எட்டிப் பார்க்காத பிரிவு. அதிகாரி அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பவளத்தின் எலும்புக்கூடு சுண்ணாம்பு என்று காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அப்ப கல்லு! நம்ம கல்லு! சந்தோஷம். ஆனா கல்லுக்கு எதுக்கு ஐயா விளக்கு?"

மூன்று பிரிவும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வரும்வரை, தொட்டியில் இருப்பது 'பொருள்' என்று பதிவாயிற்று.

அந்தப் பொருள்கள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. முன்பக்கக் கல்லில் பச்சைப் புல் போலப் படர்ந்து ஆடிக்கொண்டிருந்தது ஒன்று. அது மூடிக்கொண்டு அழுக்குத் துணி மாதிரி ஆகிவிட்டது. மாமியார் சுருங்கிவிட்டது. சதைக்குக் கீழே எலும்பின் விளிம்பு தெரிந்தது. உணவை வாயருகே கொண்டுபோனால் வாங்கவில்லை. லிஃப்ட்காரர் கையைப் பிசைந்துகொண்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார்.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. மனைவியின் பீரோவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில், கதவை மூடும்போது அவள் கை வைக்கும் இடத்தில், ஐந்து விரல்களின் எண்ணெய்த் தடம் பதிந்திருந்தது. அதை மட்டும் அவர் துடைத்ததே இல்லை. கண்ணாடியைக் கழற்றி, தடம் அழியாமல் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பால்கனியில் நிறுத்தி, காலை வெயிலைப் பிடித்துத் தொட்டிக்குள் திருப்பினார். விளக்கு என்றுதானே சொன்னார்கள், வெயிலைச் சொல்லவில்லையே. சூரியன் நகர நகரக் கண்ணாடியையும் நகர்த்தினார். பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு மூன்று நாளில் மாமியாரின் மடிப்பு ஒன்று உப்பியது. அவர் மகளுக்குப் போன் போட்டுச் சின்னப் பிள்ளை போலக் கத்தினார். "வாயைத் திறந்துட்டாங்கம்மா!"

அந்த வாரமே பரிசோதகர் வந்துவிட்டார். தெருமுனையில் போகும்போது கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு வெளிச்சம் அடித்ததாம்.

"பதிவு செய்யாத ஒளி மூலம்," என்றார்.

"சார், அது கண்ணாடி சார். வெளிச்சம் சூரியனோடது."

"சூரியன் எங்க அதிகார வரம்புக்கு வெளிய இருக்கு. கண்ணாடி உள்ள இருக்கு." கண்ணாடியை எடுத்துப் போகுமுன் பரிசோதகர் ஒரு துணியை எடுத்தார். வாரியம் கைப்பற்றும் பொருள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது விதி. நன்றாக வாயால் ஊதி, அழுத்தித் துடைத்தார். ஓரத்தையும் துடைத்தார். லிஃப்ட்காரர் "சார்" என்றார். "என்ன?" என்றார் பரிசோதகர். "ஒண்ணுமில்ல சார்," என்றார் அவர்.

ஒருவழியாக மதிப்பீட்டு நாள் வந்தது. ஆறாவது மாடியில் இருட்டு அறை. நீள மேஜை. தலைவரும், ஆலோசகரும், குழுவினரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விளக்கைத் தொங்கவிடத் தாங்கி வாங்க இன்னும் அனுமதி வரவில்லை என்பதால், உரிமையாளர் என்ற முறையில் லிஃப்ட்காரரே அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தலைவர் எழுந்து ஒரு சிற்றுரை ஆற்றினார்.

"திறன்னா என்ன? ஒரு வேலையைக் குறைஞ்ச செலவுல செய்யுறதுன்னு சொல்லுவாங்க. அது சாதாரண ஜனங்களோட விளக்கம். நம்ம வாரியத்தோட விளக்கம் வேற. ஒரு வேலையைச் செய்யாமலே இருந்தா செலவே இல்லை. அதைவிடப் பெரிய திறன் எது? இந்தக் கொள்கையை நாம மத்தவங்களுக்குச் சொல்றதோட நிறுத்தல. ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நாமளே கடைப்பிடிச்சிட்டு வர்றோம்."

கைதட்டல். பிறகு சோதனை. வாரியத்தின் சோதனை எளிமையானது: விளக்கின் கீழே ஒரு கோப்பு விரிந்திருக்கும். தலைவரால் படிக்க முடிந்தால் அது நல்ல விளக்கு. அறை விளக்குகளை அணைத்து, நீல விளக்கைப் போட்டார்கள்.

முதலில் ஆலோசகரின் கறுப்புக் கோட்டுத் தோள்களில் பொடுகு நட்சத்திரமாக மின்னியது. எல்லோருடைய வெள்ளைச் சட்டையும் பளீரென்று எரிந்தது. கோப்பின் காகிதமும் எரிந்தது. ஆனால் அதில் நீல மையால் போட்டிருந்த தலைவரின் கையெழுத்தைக் காணோம். தலைவர் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். நிலைமையைச் சமாளிக்க ஒரு புன்னகை செய்தார். அங்கேதான் வினை. குழுவினர் சிரித்தபோது அவரவர் பற்கள் வெள்ளையாக மின்னின. தலைவரின் மேல்வரிசை மட்டும் மின்னவில்லை. அவர் வாய்க்குள் யாரோ ஒரு கறுப்புத் திரை மாட்டியது போலிருந்தது. அவர் பல் கட்டியவர் என்ற ரகசியத்தை அந்த விளக்கு ஒரே நொடியில் குழு முழுவதற்கும் சொல்லிவிட்டது. யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார். பின்னால் நின்று விளக்கைப் பிடித்திருந்த லிஃப்ட்காரர், தலைவரின் பிடரியில் ஐந்தாவது மடிப்பு விழுவதைப் பார்த்தார்.

"அணைங்க அதை," என்றார் தலைவர். "ஒரு அதிகாரியோட கையெழுத்தையும் கண்ணியத்தையும் மறைக்கிற விளக்கு. சுழியம். எழுதிக்கோங்க. ஆனா ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவெடுத்தா அநியாயம்னு பேசுவாங்க. பயனாளிகள்கிட்ட நேர்ல கருத்துக் கேட்டுட்டு வாங்க."

லிஃப்ட்காரர் விளக்கை மேஜையில் வைத்துவிட்டுத் தலைவரின் பக்கம் போனார். "ஐயா, அதுங்க செத்துக்கிட்டு இருக்குங்க. விளக்கை ஒரு வாரத்துக்காவது திருப்பிக் குடுத்தீங்கன்னா..."

"நீங்க யாரு?"

"லிஃப்ட்காரருங்க."

"எந்த லிஃப்ட்?"

"இந்தக் கட்டடத்து லிஃப்ட்தாங்க. தினமும் ஐயாவை நான்தான்..."

"இப்ப விளக்கைப் பிடிச்சிட்டிருந்த உரிமையாளர் எங்க?"

"அதுவும் நான்தாங்க."

"இப்படி ரெண்டு பேரா இருக்காதீங்க. நிர்வாகத்துக்குக் குழப்பம்," என்று சொல்லிவிட்டுத் தலைவர் வெளியே போனார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது கதவைத் திறந்ததுமே வாடை அடித்தது. மாமியாரின் சதை ஒரு பக்கம் உரிந்து, நனைந்த காகிதம் போலத் தண்ணீரில் அலைந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய் முத்திரைக் காகிதத்தில் நகத்தை வைத்துப் பிய்த்தார். அது அவர் நினைத்ததைவிடச் சுலபமாக வந்துவிட்டது. மேஜை விளக்கை எடுத்து மாட்டி, தொட்டியின் மேல் கவிழ்த்தார். மஞ்சள் வெளிச்சம். சதைத் துணுக்குகள் அதில் இன்னும் தெளிவாகத் தெரிந்தன, அவ்வளவுதான். ஆனாலும் அவர் அதை அணைக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் லிஃப்ட்டின் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் முக்காலியிலிருந்து பாதி எழுந்தார். சீலைக் கிழித்தவர் இவர்தான் என்று யாராவது கைநீட்டுவார்கள் என்று காத்திருந்தார். உள்ளே வந்தவர்கள் மாடியின் எண்ணைத்தான் சொன்னார்கள்.

கருத்துக் கேட்கப் பரிசோதகர் இரண்டு குமாஸ்தாக்களோடு வந்து தொட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மூளைப்பவளத்தைப் பார்த்துப் படித்தார்.

"மேற்படி விளக்கு இல்லாத காலத்தில் தங்களுக்கு ஏதேனும் குறை ஏற்பட்டதா?"

குமிழ்கள் மேலே போயின.

"வாரியத்தின் அணுகுமுறை திருப்தியா?"

பம்பு உறுமியது.

"விளக்கை நிரந்தரமா எடுத்துக்கிறதுல ஆட்சேபணை உண்டா?" கொஞ்ச நேரம் காத்திருந்தார். நியாயமான மனிதர், இரண்டாம் முறையும் கேட்டார். பிறகு குமாஸ்தாவிடம் திரும்பினார். "ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கோ."

"அது செத்துப்போச்சு சார்," என்றார் லிஃப்ட்காரர்.

"எது?"

"எல்லாமே சார்."

பரிசோதகர் குனிந்து பார்த்தார். உண்மையிலேயே அவருக்குப் பிடித்துப்போனது. "முன்ன பச்சையும் சிவப்புமா அழுக்கா இருந்துச்சு. இப்ப பாருங்க, தூய வெள்ளை! வெள்ளையா இருந்தா வெளிச்சம் நல்லாத் திரும்பும். இப்ப அளந்தா உங்க விளக்குக்கு முழு மதிப்பெண்ணே வரும் போலிருக்கே." கொண்டு வந்திருந்த கருவியையும் விளக்கையும் வைத்து அளந்தார். வந்தது. முன்பு போட்ட சுழியத்தைத் திருத்தி, உயர்ந்த திறன் என்று எழுதிக்கொண்டார்.

எழுந்தபோது சுவரைப் பார்த்தார். மேஜை விளக்கை லிஃப்ட்காரர் எல்லாம் செத்த அன்றே கழற்றியிருந்தார்; ப்ளக் துளையின் மேல் காகிதத்தின் கிழிசல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் முன்னால் வந்தார். "சார், நான்தான் சார் கிழிச்சேன். போன வாரந்தான் சார். அதுவரைக்கும் தொடல."

"எது, இதுவா?" பரிசோதகர் சிரித்தார். "போன வாரம் வரைக்குமா வச்சிருந்தீங்க? அந்தப் பசையே ஒரு நாளைக்கு மேல தாங்காதே! நீங்க மேல டேப்பு கீப்பு ஒட்டினீங்களா?"

ஒட்டியிருந்தார். ஓரம் லேசாக எழும்பியபோது, தன்மேல் பழி வந்துவிடுமோ என்று பயந்து, தன் கையாலேயே டேப்பு ஒட்டி அழுத்தியிருந்தார்.

"ஊர்ல எல்லாரும் நாங்க தெருவைத் தாண்டுறதுக்குள்ள கிழிச்சுப் போட்டுட்டு வேற லைட்டை மாட்டிக்கிட்டாங்க. மீன் கடைக்காரர் எங்க முன்னாலேயே கிழிச்சார். நாங்க யாரையும் ஒண்ணும் கேக்கல. கேட்டா நாங்கதானே மறுபடி வந்து ஒட்டணும்? நீங்க ஒருத்தர்தான் சொன்ன சொல்லைக் காப்பாத்தினவர்." பரிசோதகர் அவர் தோளைத் தட்டினார். "உங்க பேரை விருதுக்கு அனுப்புறேன்."

அவர்கள் போன பிறகு லிஃப்ட்காரர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. மகள் போனில் சொன்ன அந்த ஒரு வரிதான் காதில் திரும்பத் திரும்ப ஓடியது: பசை போட்டு ஒட்டின காகிதம்பா அது.

விருது விழாவை வாரியத்தின் அரங்கில் ஏகப்பட்ட விளக்கு போட்டு நடத்தினார்கள். தலைவர் பேசினார். "ஒரு சாதாரண மனுஷர். அவர் வீட்டுல நாள் முழுக்க எரிஞ்ச விளக்கு இன்னைக்கு எரியுறதில்ல. எரிய வேண்டிய அவசியமும் இல்ல. தேவையைப் பூர்த்தி செய்யுறது பழைய நிர்வாகம். தேவையையே இல்லாம ஆக்குறதுதான் நவீன நிர்வாகம். அதுக்கு இந்தப் பெரியவர் வீடு வாழும் உதாரணம்." பிறகு சான்றிதழையும், சிவப்பு ரிப்பன் கட்டிய பழைய நீல விளக்கையும் அவர் கையில் கொடுத்தார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

மைக்கின் முன்னால் நின்ற லிஃப்ட்காரர் முதன்முறையாக, தினமும் லிஃப்ட்டில் வருகிறவர்கள் எல்லோருடைய முகத்தையும் நேருக்கு நேர் பார்த்தார். யாரென்று ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. அந்தத் தொட்டி என் வீட்டுக்காரி வச்சது. அவ போன அன்னைக்கு, ஒரு நர்ஸம்மா வெளிய வந்தாங்க. என் கையைப் பிடிச்சு, 'ஐயா, முடிஞ்சிருச்சு'ன்னு சொன்னாங்க. அந்தம்மா யாருன்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா அப்படி யாராவது ஒருத்தர் சொல்லணும்ங்க. ஒரு உசுரு போனா அதைச் சொல்லணும். இதுக்கு யாருமே சொல்லல. அதனால நானே சொல்லிடுறேன்." கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தார். "முடிஞ்சிருச்சுங்க."

பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்து அரங்கமே கைதட்டியது.

அந்த வாரக் கடைசியில் மகள் வந்தாள். வரும் வழியெல்லாம் கேட்பதற்கு நிறைய வைத்திருந்தாள். அப்பாவின் சவரம் செய்யாத முகத்தைப் பார்த்ததும் ஒன்றையும் கேட்கவில்லை. இருவருமாகத் தொட்டியை இறக்கினார்கள். அவள் குழாய் வைத்துத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கொட்டினாள். அவர் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விரித்திருந்த சாக்கின் மேல் வைத்தார். அறை முழுவதும் உப்பும் அழுகலும் கலந்த வாடை.

"நான்தாம்மா கொன்னேன்," என்றார் குனிந்தபடியே. "நீ அன்னைக்கே சொன்ன. நான் டேப்பு வாங்கியாந்து ஒட்டினேன்."

"விடுங்கப்பா."

"அவங்க யாரும் வந்து பாக்கவே இல்லம்மா. நான் பாட்டுக்குப் பயந்துக்கிட்டே இருந்திருக்கேன்."

மகள் தொட்டிக்குள் கையை விட்டு மூளைப்பவளத்தின் எலும்புக்கூட்டைத் தூக்கினாள். கல் கனக்கும் என்று நினைத்து இரண்டு கையையும் கொடுத்திருந்தாள்; சட்டென்று மேலே வந்துவிட்டது. மடிப்புக்கு மடிப்பு தண்ணீர் வடிந்தது.

"என்னப்பா இது, இவ்வளவு லேசா இருக்கு?"

அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். துண்டை எடுத்து, ஒரு பிள்ளைக்குத் தலை துவட்டுவது போல, ஒவ்வொரு மடிப்பாக ஒற்றி எடுத்தார்.

"ஆஸ்பத்திரியில கடைசியா உங்கம்மாவைக் கட்டில் மாத்திப் படுக்க வைக்கணும்னாங்க," என்றார். "நான்தான் தூக்கினேன். இப்படித்தாம்மா இருந்தா."

மகள் வாளியை ஓரமாக நகர்த்திவிட்டு, ஈரத் தரையிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.